15 இருக்கை வேனில் 31 அடி டிரெய்லர்: எந்த எண் முதலில் தடுக்கும்?

#1 புதுக்கொக்கி (சார்லட், வட கரோலினா)

வணக்கம். விவரம் முழுவதையும் தருகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.

வேன்: 2016 செவ்ரோலே எக்ஸ்பிரஸ் 3500, நீளமான உடல், 6.0 லிட்டர் வி8 பெட்ரோல், 6 கியர் ஆட்டோமேட்டிக். தொழிற்சாலையிலேயே பொருத்திய ரிசீவர் (ஹிட்சைச் செருகும் பின்பக்கச் சட்டம்). கடைசி பெஞ்சைக் கழற்றி வைத்தாகிவிட்டது. ஏறுபவர்கள் 7 பேர்.

டிரெய்லர்: 31 அடி, இரண்டு அச்சு, பின்பக்கம் அடுக்குப் படுக்கை. ஸ்டிக்கரில் காலி எடை 6,700 பவுண்டு, அதிகபட்ச எடை 8,600 பவுண்டு. கொக்கியில் விழும் எடை (காலியாக) 740 பவுண்டு.

வழி: ஐ-77 நெடுஞ்சாலை பிடித்து வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, பிறகு ஐ-79, நயாகரா வரை.

வேனின் விற்பனைத் தாளில் இழுவைத் திறன் 9,000 பவுண்டுக்கு மேல் என்று இருக்கிறது. அப்படியென்றால் 8,600 தாராளமாகப் போகும்தானே? எந்த ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) வாங்குவது என்பது மட்டும்தான் கேள்வியா, வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

#2 டல்லாஸ்_டீசல்

போகும். எக்ஸ்பிரஸ் 3500-இன் சட்டகம், பின் அச்சு எல்லாம் சரக்கு வேனுக்குப் போடுவதுதான். எடைப் பகிர்வு ஹிட்ச் (கொக்கி எடையில் ஒரு பகுதியைக் கம்பிகளால் மற்ற அச்சுகளுக்குத் தள்ளுவது) ஒன்று, பிரேக் கன்ட்ரோலர் (டிரெய்லர் பிரேக்கை வேனிலிருந்து இயக்குவது) ஒன்று, டோ/ஹால் பொத்தானை (இழுவைக்கு ஏற்பக் கியர் மாற்றுவது) அழுத்திவிட்டுக் கிளம்பலாம். 6.0 எஞ்சின் ஏற்றத்தில் சத்தம் போடும், அதற்குப் பயப்பட வேண்டாம். அதன் முறுக்குவிசை உச்சமே 4,400 சுற்று அருகில்தான் வருகிறது.

#3 எடைமேடை

டல்லாஸ் நண்பர் சொன்னதில் எஞ்சின் பகுதி சரி. "போகும்" என்பதை மட்டும் எடை போடாமல் சொல்ல முடியாது.

விற்பனைத் தாளில் உள்ள இழுவை எண், வேன் ஏறத்தாழ காலியாக, ஓட்டுநரோடு கிளம்புகிறது என்று வைத்துக் கணக்கிட்டது. பயணி வேனுக்கு அந்தக் கணக்கு அறவே பொருந்தாது. ஆள் ஏற்றத்தானே வாங்குகிறோம்! 7 பேரும் பெட்டிகளும் ஏறியவுடன் அந்த எண்ணிலிருந்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு பவுண்டு போய்விடும்.

பார்க்க வேண்டிய எண்கள் நான்கு. வேனின் மொத்த எடை வரம்பு (உங்கள் வண்டிக்கு 9,600 இருக்கும், ஓட்டுநர் கதவுத் தூணில் பாருங்கள்). பின் அச்சு வரம்பு, அதே ஸ்டிக்கரில். ரிசீவரின் வரம்பு, அதன் மேலேயே ஒட்டியிருக்கும். நான்காவதுதான் பலர் மறந்துவிடுவது: வேனும் டிரெய்லரும் சேர்ந்த கூட்டு எடை வரம்பு. இது கதவில் இருக்காது, கையேட்டின் இழுவைப் பக்கத்தில் இருக்கும்.

நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் கேட் ஸ்கேல் எடை மேடைகள் உண்டு. மூன்று முறை எடை போடுங்கள்.

முதல் முறை: டிரெய்லர் இல்லாமல், எல்லோரும் உட்கார்ந்து, டேங்க் நிரப்பி, கொண்டுபோகும் சாமான் எல்லாம் ஏற்றி. முன் அச்சு ஒரு பலகையிலும் பின் அச்சு அடுத்த பலகையிலும் நிற்க வேண்டும்.
இரண்டாவது: டிரெய்லரை மாட்டி, எடைப் பகிர்வுக் கம்பிகளைப் போடாமல்.
மூன்றாவது: கம்பிகளை இழுத்து மாட்டி.

24 மணி நேரத்துக்குள் அதே மேடையில் மறுபடி போட்டால் கட்டணம் குறைவு. டிரெய்லரில் சமையல் சாமான், படுக்கை, கேஸ், பேட்டரி எல்லாம் இருக்க வேண்டும். காலி டிரெய்லரை எடை போட்டுப் பயனில்லை. அந்த 740 என்பதில் கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் சேராது. 30 பவுண்டு சிலிண்டர் இரண்டு, நிரப்பினால் நூறு பவுண்டைத் தாண்டும். பேட்டரி ஒவ்வொன்றும் 50, 60. இவை எல்லாம் உட்காருவது கொக்கிக்கு நேர் பின்னால் உள்ள முக்கோணச் சட்டத்தில்.

#4 வடகோடி (ஒன்ராறியோ)

எடைமேடை அண்ணை சொன்னதோட ஒன்று சேர்க்கிறன். வேனில் பின் அச்சுக்குப் பின்னால் எவ்வளவு உடம்பு தொங்குது என்பதுதான் பெரிய விசயம்.

ஃபோர்ட் ஈ-350 நீள வாகனத்தையும் எக்ஸ்பிரஸ் நீள வாகனத்தையும் பக்கத்தில வைத்துப் பாருங்கோ. ஃபோர்ட்டின் சக்கர இடைவெளி (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம்) கட்டை உடலுக்கும் நீள உடலுக்கும் அதே 138 அங்குலம். கூட்டின 20 அங்குலமும் அப்படியே பின்னுக்குத்தான் போனது. செவ்ரோலே நீட்டேக்க சக்கர இடைவெளியையும் 135-இல் இருந்து 155-க்குக் கொண்டுபோனது. வெளியில பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி நீளம், இழுக்கேக்க ஒரே மாதிரி இல்லை.

கணக்கு இப்படி: பின் அச்சில் இருந்து பந்து (ஹிட்சில ட்ரெயிலர் உட்காருற உருண்டை) வரைக்கும் உள்ள தூரத்தைச் சக்கர இடைவெளியால் வகுங்கோ. ஈ-350 நீள வாகனத்தில் பந்து 78 அங்குலம் பின்னுக்கு இருக்குது என்று வைத்தால் 78/138 = 0.57. எக்ஸ்பிரஸில் 66 என்றால் 66/155 = 0.43. கொக்கியில் 1,000 பவுண்டு இறக்கினால் ஃபோர்ட்டின் முன் சக்கரத்தில் இருந்து 570 பவுண்டு தூக்குப்படும், பின் அச்சில் 1,570 ஏறும். எக்ஸ்பிரஸில் 430-உம் 1,430-உம். உங்கட வாகனத்தில டேப் பிடித்து அளந்துதான் போடவேணும், ஹிட்சின் நீளத்தைப் பொறுத்து அந்த 66 மாறும்.

இதே நெம்புகோல்தான் பக்கவாட்டிலும் வேலை செய்யுது. பெரிய லொறி கடந்து போகேக்க ட்ரெயிலர் பந்தைப் பக்கத்துக்குத் தள்ளும். தொங்கல் நீளமாக இருந்தால் அந்தத் தள்ளல் வாகனத்தின் மூக்கை மற்றப் பக்கம் திருப்பிவிடும். ஆகவே கொக்கியைப் பின்னுக்கு நீட்டுற இணைப்புக் குழாய் ஒன்றும் போடாதேங்கோ. சைக்கிள் தாங்கிக்கு இடம் வேணும் என்று சில பேர் போடுகினம். பெரிய பிழை அது.

#5 புதுக்கொக்கி

இரண்டு பேருக்கும் நன்றி. கதவு ஸ்டிக்கர்: மொத்தம் 9,600, பின் அச்சு 6,084. கையேட்டில் கூட்டு எடை வரம்பு 16,000. ரிசீவர் ஸ்டிக்கரில் இரண்டு வரிசை இருக்கிறது. எடைப் பகிர்வோடு என்ற வரிசையில் கொக்கி எடை 1,000. பகிர்வு இல்லாத வரிசையில் அதைவிட மிகக் குறைவாகப் போட்டிருக்கிறது. பந்து வரை அளந்தேன், 66 அங்குலமேதான்.

6,084 என்ற எண் விநோதமாக இருக்கிறதே, எங்கிருந்து வருகிறது?

#6 ரப்பர்

டயரிலிருந்து வருகிறது. உங்கள் வேனில் எல்டி245/75ஆர்16, லோடு ரேஞ்ச் (சுமை வகை) ஈ. 80 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் தாங்குவது 3,042 பவுண்டு. இரண்டால் பெருக்குங்கள், 6,084. அச்சும் ஸ்பிரிங்கும் எவ்வளவு தாங்கினாலும் இந்த டயரில் அதற்கு மேல் வரம்பு கிடையாது. பின் டயரில் 80-க்குப் பதில் 60 வைத்துக்கொண்டு ஓடினால், ஸ்டிக்கரில் 6,084 என்று இருந்தாலும் உங்களுக்கு அந்த 6,084 இல்லை. குளிர்ந்த டயரில், காலையில் கிளம்பும் முன் அளக்க வேண்டும்.

டிரெய்லர் டயரையும் பாருங்கள். இந்த அளவு டிரெய்லருக்குப் பெரும்பாலும் எஸ்டி225/75ஆர்15 வரும் (எஸ்டி என்றால் டிரெய்லருக்கென்றே செய்த டயர்). லோடு ரேஞ்ச் டி என்றால் 65 பிஎஸ்ஐயில் 2,540 பவுண்டு, ஈ என்றால் 80-இல் 2,830. நான்கு டி டயர் 10,160 தாங்கும், உங்களுக்குப் போதும். ஆனால் பக்கச் சுவரில் வேகக் குறியீடு இல்லாத எஸ்டி டயர் மணிக்கு 65 மைலுக்கு மேல் ஓடச் செய்யப்பட்டதில்லை. வேன் 75-இல் சுகமாகப் போகும், அப்போது பின்னால் டயர் வெந்துகொண்டிருக்கும்.

டாட் என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் பட்டன் தேய்ந்து சாவதில்லை. நின்ற இடத்தில் வெயில் பட்டு உள்ளே அடுக்கு விட்டுப் போய்த்தான் வெடிக்கிறது. ஐந்தாறு வருடம் ஆனால் பட்டன் புதிதாகத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ஈ ரேஞ்சுக்கு மாறினால் ரிம் 80 பிஎஸ்ஐ தாங்குமா என்று பார்த்து, உலோக வால்வு போடுங்கள். ரப்பர் வால்வு அந்த அழுத்தத்துக்கு ஆகாது.

#7 புதுக்கொக்கி

எடை போட்டாகிவிட்டது. பவுண்டில்:

டிரெய்லர் இல்லாமல்: முன் 3,600, பின் 3,940. மொத்தம் 7,540.
மாட்டி, கம்பி இல்லாமல்: முன் 3,160, பின் 5,440, டிரெய்லர் அச்சுகள் 7,140.
கம்பி மாட்டி: முன் 3,380, பின் 5,100, டிரெய்லர் 7,260.

நண்பர் ஒருவரின் எடைப் பகிர்வு ஹிட்சை இரவல் வாங்கிப் போட்டேன். அதன் தலைப்பகுதி மட்டும் 100 பவுண்டு. தண்ணீர்த் தொட்டி காலி.

#8 எடைமேடை

மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். இப்போது பேசலாம்.

கம்பி இல்லாமல் மாட்டியபோது வேனில் கூடியது 8,600 − 7,540 = 1,060. அதில் ஹிட்ச் தலை 100 போனால் கொக்கி எடை 960. டிரெய்லரின் முழு எடை 7,140 + 960 = 8,100. விகிதம் 11.9 சதவீதம். 10-க்குக் கீழே போகக்கூடாது, 15-க்கு மேலே வேண்டாம். நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

ரிசீவர் வரம்பு 1,000, நீங்கள் 960. உள்ளேதான், ஆனால் ஒட்டி நிற்கிறது. முன் பெட்டியில் இன்னும் நாலு சாமான் வைத்தால் தாண்டிவிடும்.

பின் அச்சு 5,100, வரம்பு 6,084. வேன் மொத்தம் 8,480, வரம்பு 9,600. இரண்டிலும் இடம் இருக்கிறது. பெஞ்சைக் கழற்றியதும் நீள சக்கர இடைவெளியும் கொடுத்த இடம் அது.

கூட்டு எடை: 3,380 + 5,100 + 7,260 = 15,740. வரம்பு 16,000. மிச்சம் 260 பவுண்டு!

உங்கள் வேனின் உண்மையான இழுவைத் திறன் 16,000 − 7,540 = 8,460. அதில் ஹிட்ச் தலை 100-ஐயும் கழித்தால் 8,360. விற்பனைத் தாள் எண்ணை மறந்துவிடுங்கள். 8,600 என்று டிரெய்லர் ஸ்டிக்கரில் இருப்பதை முழுவதும் நிரப்ப இந்த வேனுக்கு உரிமை இல்லை.

தண்ணீர்த் தொட்டி 50 காலன் என்றால், காலனுக்கு 8.3 பவுண்டு வீதம் 415 பவுண்டு. நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 16,155. தாண்டிவிட்டீர்கள். வழியில் கழிவறைக்கு மட்டும் 8, 10 காலன் வைத்துக்கொண்டு, முகாமில் போய் நிரப்புங்கள். கழிவுத் தொட்டிகளை அங்கேயே காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள். விறகை இங்கிருந்து சுமக்க வேண்டாம், பூச்சி பரவும் என்று பல மாநிலங்களில் அதற்குத் தடையும் உண்டு.

#9 டல்லாஸ்_டீசல்

260 பவுண்டு மிச்சம் என்று புரிந்ததும் என் வார்த்தையைத் திருத்திக்கொள்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன். கூட்டு எடை வரம்பை 100 பவுண்டு தாண்டினால் என்ன உடைந்துவிடும்? அச்சிலும் டயரிலும்தான் இடம் இருக்கிறதே.

#10 எடைமேடை

உடனே எதுவும் உடையாது. அந்த வரம்பு எஞ்சின், கியர்பாக்ஸ், ரேடியேட்டர், பின் அச்சின் பல்சக்கரம் இவற்றின் வெப்பத்தையும், நிற்க எடுக்கும் தூரத்தையும் பற்றியது. எஸ்ஏஇ ஜே2807 என்ற இழுவைச் சோதனை முறையில் அரிசோனாவின் டேவிஸ் அணை ஏற்றம் வருகிறது. 11 மைலுக்கு மேல் ஏற்றம், வெளியே 100 டிகிரி ஃபாரன்ஹீட், ஏசி முழு வேகத்தில். இரட்டைப் பின்சக்கரம் இல்லாத வண்டி அங்கே மணிக்கு 40 மைலுக்குக் கீழே இறங்கக்கூடாது. கூட்டு எடையை எது தீர்மானிக்கிறது என்று புரிந்துகொள்ள அந்தச் சோதனையைப் பார்த்தால் போதும்.

பயணி வேனில் இன்னொன்றும் உண்டு. பின்பக்க ஏசி. ஆகஸ்டில் 7 பேருக்குக் குளிரூட்டும் சுமை ரேடியேட்டர் முன்னால்தான் வெப்பத்தைக் கொட்டுகிறது. பிக்கப் வண்டிக்கு இந்தக் கூடுதல் சுமை இல்லை.

கியர்பாக்ஸ் எண்ணெயின் சூட்டைக் கவனியுங்கள். உங்கள் டாஷ்போர்டில் வரவில்லை என்றால் ஓபிடி சாக்கெட்டில் (வண்டியின் கணினியைப் படிக்கும் இடம்) செருகும் சிறு கருவி ஒன்று போதும். 180, 200 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. 220-ஐத் தாண்டினால் ஒரு கியர் இறக்கி வேகத்தைக் குறையுங்கள். கியர் அடிக்கடி மாறுவதாலும் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெயால் இணைப்பது) பூட்டாமல் சுழலுவதாலும்தான் சூடு ஏறுகிறது. 240 பக்கம் போனால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிடுங்கள். அணைக்காதீர்கள், அணைத்தால் எண்ணெய் சுற்றாது. இழுக்கிற வண்டிக்கு 45,000 மைலில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்ற வேண்டும், டெக்ஸ்ரான் 6 மட்டும். உங்கள் வேன் 2016, எப்போது மாற்றியது?

#11 புதுக்கொக்கி

மாற்றியதாகச் சீட்டு எதுவும் இல்லை. கிளம்பும் முன் மாற்றிவிடுகிறேன். ஹிட்ச் விஷயத்துக்கு வருகிறேன். எந்த வகை? கம்பியை எவ்வளவு இறுக்குவது? முன் சக்கரத்தின் எடை முழுவதும் (3,600) திரும்ப வரும்வரை இறுக்க வேண்டும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள்.

#12 எடைமேடை

முழுவதும் திரும்ப வேண்டாம். இப்போது பல கையேடுகள் பாதியைத்தான் கேட்கின்றன, உங்கள் கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே முடிவு. 440 பவுண்டு போனது, 220 திரும்பி வந்திருக்கிறது. சரியாகப் பாதி. அதிகமாக இறுக்கினால் பின் சக்கரத்தின் எடை குறைந்து, ஈரச் சாலையில் வளைவில் பிரேக் போடும்போது பின்பக்கம் வழுக்கும். நீள வேனில் அது ஆபத்து.

ஒவ்வொரு முறையும் எடை மேடைக்குப் போக முடியாது. முன் சக்கர வளைவின் விளிம்பிலிருந்து தரைவரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் இல்லாமல் 35¼ அங்குலம், கம்பி இல்லாமல் மாட்டினால் 36¼ என்றால், கம்பி மாட்டிய பின் 35¾ வர வேண்டும். வரவில்லை என்றால் சங்கிலியில் ஒரு கண்ணி கூட்டுங்கள் அல்லது ஹிட்ச் தலையின் சாய்வு வாஷரில் ஒன்று சேருங்கள். வாஷர் சேர்த்தால் தலை பின்புறம் சாயும், கம்பியின் விசை கூடும். டிரெய்லர் மட்டமாக, அல்லது மூக்கு அரை அங்குலம் தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் ஆட்டம் வரும்.

கம்பியின் அளவு: கொக்கி எடையோடு, வேனின் பின் அச்சுக்குப் பின்னால் நீங்கள் ஏற்றும் சாமானையும் கூட்டுங்கள். 960-உம் 150-உம் சேர்ந்தால் 1,110. ஆகவே 1,200 பவுண்டு கம்பி. 1,000 கம்பி வாங்காதீர்கள். அதற்காக 1,400-உம் வேண்டாம், விறைப்பாக இருந்து டிரெய்லர் சட்டத்தை உலுக்கும்.

பந்து 2 5/16 அங்குலம். தண்டு 1¼ அங்குலம் என்றால் பொதுவாக 450 அடி-பவுண்டு முறுக்கு கேட்பார்கள். வீட்டு ஸ்பேனரால் அது வராது, லாரிப் பட்டறையில் கொடுத்து இறுக்குங்கள்.

#13 வடகோடி

ஹிட்ச் வகை பற்றி: பந்தோட பக்கத்தில ஒரு உராய்வுக் கம்பி போடுற மலிவான முறை இந்த நீளத்துக்குக் காணாது. அதோட ரிவேர்ஸ் எடுக்கேக்க அதைக் கழற்றவேணும், மறந்தால் வளைஞ்சு போகும். பாரத்தைத் தாங்குற கம்பியிலேயே உராய்வும் சேர்ந்த வகை, ஈக்வலைசர் மாதிரி, நடுத்தரம். அது உங்களுக்குப் போதும் என்று நினைக்கிறன்.

ஹென்ஸ்லி, புரோபிரைட் என்று நான்கு இணைப்புக் கம்பி வகை இருக்குது. இரண்டையும் வடிவமைத்தவர் ஜிம் ஹென்ஸ்லி. அதில ட்ரெயிலர் திரும்புற புள்ளி பந்தில் இல்லாமல் பின் அச்சுக்குக் கிட்டவாகக் கொண்டுவரப்பட்டது மாதிரி வேலை செய்யும். நான் மேலே சொன்ன தொங்கல் நெம்புகோல் அநேகமாக இல்லாமலே போகும். ஈ-350 நீள வாகனம் வைத்திருக்கிற ஆக்களுக்கு நான் சொல்லுறது அதைத்தான். ஆனால் விலை இரண்டாயிரம் டொலரைத் தாண்டும், எடை 200 பவுண்டு அளவில். உங்களிட்ட மிச்சம் 260. இரவல் ஹிட்சை விட 100 கூடினால் 160 தான் மிஞ்சும். யோசிச்சுச் செய்யுங்கோ.

பாரம் ஏத்துறது ஊரில மாட்டு வண்டிக்கு ஏத்துற மாதிரித்தான். பின்பாரம் கூடினால் நுகம் மேலே கிளம்பும், மாட்டின் கழுத்தை இழுக்கும். கொக்கியில 960 கூட என்று பயந்து சாமானைப் பின் படுக்கைக்குத் தள்ளினால் விகிதம் 9-க்கு இறங்கும், 60 மைல் வேகத்தில் ட்ரெயிலர் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும். பின் பம்பரில் சைக்கிள் தாங்கி போட்டாலும் இதுதான் நடக்கும். தண்ணித் தொட்டி ட்ரெயிலர் அச்சுக்கு முன்னுக்கா பின்னுக்கா என்றும் பாருங்கோ. பின்னுக்கு என்றால் நிரப்ப நிரப்பக் கொக்கி எடை குறையும்.

வேனுக்குள்ள சாமானைக் கழற்றின பெஞ்ச் இருந்த இடத்தில குவிக்காதேங்கோ, அது பின் அச்சுக்குப் பின்னால இருக்குது. பெட்டியள் நடு இருக்கைக்குக் கீழ, பின் அச்சுக்கு முன்னுக்கு. அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001-இல் இருந்து சொல்லிக்கொண்டு வருகுது, இந்த 15 இருக்கை வான்களில் 10 பேரோ அதற்கு மேலோ ஏறினால் உருளுற ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு என்று. காரணம் பாரம் உயரத்திலும் பின்னுக்கும் போறதுதான்.

#14 மின்வயர்

பிரேக் பற்றி யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன்.

ஏழு முனை சாக்கெட் வேனில் இருக்கிறது என்பதாலேயே ஏழிலும் மின்சாரம் வரும் என்று அர்த்தமில்லை. டெஸ்ட் விளக்கை வைத்து ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பாருங்கள். கம்பி நிறத்தை நம்பாதீர்கள், வண்டிக்காரர்கள் ஒரு நிறமுறையும் டிரெய்லர்காரர்கள் வேறொன்றும் வைத்திருக்கிறார்கள். முனையின் இடம்தான் நிலையானது.

கன்ட்ரோலர் விசைவிகித வகை வாங்குங்கள். வேனின் வேகம் எவ்வளவு சட்டென்று குறைகிறதோ அந்த அளவுக்கு டிரெய்லர் பிரேக்குக்கு மின்சாரம் அனுப்பும் வகை, டெகோன்ஷா பி3 போல. நேரக் கணக்கில் மின்சாரம் கூட்டும் பழைய வகை இந்த எடைக்கு வேண்டாம்.

டிரெய்லரில் நான்கு பிரேக், ஒவ்வொரு காந்தமும் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர். பிரேக் கம்பியில் ஆம்பியர் மீட்டர் வைத்து முழு அழுத்தம் கொடுத்தால் 12 அருகில் வர வேண்டும். 9 வந்தால் ஒரு காந்தம் செத்திருக்கிறது அல்லது இணைப்பு விட்டிருக்கிறது. 9-க்கும் 12-க்கும் நடுவே ஆடினால் எங்கோ துருப்பிடித்த இணைப்பு, பெரும்பாலும் அச்சுக் குழாய்க்குள் ஓடும் கம்பி உரசித் தேய்ந்திருக்கும். கன்ட்ரோலர் திரையில் பச்சை காட்டுவதை வைத்து நான்கும் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒன்று இருந்தாலே பச்சை காட்டும்.

டிரம் பிரேக்கைக் கையால் சரிசெய்ய வேண்டும். சக்கரத்தைத் தூக்கி, பின்தட்டின் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைச் சக்கரம் சுழலாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசான உரசல் மட்டும் கேட்கும்வரை தளர்த்துங்கள். முதல் 200 மைலில் ஒரு முறை, பிறகு 3,000 மைலுக்கு ஒரு முறை.

சமதளத்தில், காய்ந்த சாலையில், 25 மைல் வேகத்தில் கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள். டிரெய்லர் சக்கரம் பூட்டிக்கொள்ளும் இடம் வரை கெயினை (டிரெய்லர் பிரேக்கின் வலு அளவு) ஏற்றி, அதற்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். 8,100 பவுண்டை வேனின் பிரேக் மட்டும் நிறுத்தும் நிலை வரவே கூடாது.

கழன்றால் பிரேக் பிடிக்கும் பாதுகாப்புச் சாவியின் கயிற்றை ரிசீவரின் சங்கிலி ஓட்டையில் மாட்டாதீர்கள். ரிசீவரே கழன்றால் கயிறு இழுபடாது. வேன் சட்டத்தில் தனியாக மாட்டுங்கள்.

#15 புதுக்கொக்கி

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை, மனமார்ந்த நன்றி. மூன்று சின்னக் கேள்விகள். ஐ-77-இல் ஃபேன்சி கேப் ஏற்றம் பற்றிப் பயமுறுத்துகிறார்கள். கண்ணாடி (மிரர்) மாற்ற வேண்டுமா? பின் கதவைத் திறக்கும்போது டிரெய்லரின் ஜாக்கியில் இடிக்கிறது, ஏதாவது வழி உண்டா?

#16 டல்லாஸ்_டீசல்

கண்ணாடி கட்டாயம். வேன் அகலம் 80 அங்குலத்துக்குள், டிரெய்லர் 96 முதல் 102. தொழிற்சாலைக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கச் சுவர் மட்டும்தான் தெரியும். வெளியே நீளும் இழுவைக் கண்ணாடி போடுங்கள். மேலே மாட்டும் ரகம் காற்றில் அதிரும், லாரி எது கார் எது என்று தெரியாது.

கதவுக்கு வழி இல்லை. மாட்டிய பிறகு பின் கதவு திறக்காது என்றே வைத்துக்கொண்டு சாமான் அடுக்குங்கள். ஜாக்கி, முக்கோண எச்சரிக்கை, சக்கர ஸ்பேனர் எல்லாம் பக்கக் கதவு வழியாகக் கைக்கு எட்ட வேண்டும். ஹிட்சை நீட்டி இடம் பண்ணலாம் என்று மட்டும் போகாதீர்கள், வடகோடி மேலே சொன்ன காரணம்தான்.

எரிபொருள்: காலனுக்கு 8 முதல் 10 மைல். டேங்க் 31 காலன். 200 மைலுக்கு ஒரு முறை, லாரிகளுக்கு இடம் உள்ள பெரிய பங்க்காகப் பார்த்து நிறுத்துங்கள். 50 அடிக்கு மேல் நீளமான வண்டியைச் சின்ன பங்க்கில் திருப்ப முடியாது.

#17 எடைமேடை

ஃபேன்சி கேப்பில் ஏற்றத்தைவிடக் காற்றையும் மூடுபனியையும் பாருங்கள். வேக வரம்பே வானிலைக்கு ஏற்ப மாறும் பலகைகள் அங்கே உண்டு. வடக்கே போகும்போது ஏறுவீர்கள். வலது தடத்தில், 2-ஆவது கியரில், 45 மைல் கிடைத்தால் அதுவே சரி. எஞ்சின் 4,000 சுற்றில் கத்தட்டும்.

திரும்பி வரும்போது அதே இடம் நீண்ட இறக்கம். உச்சியிலேயே கியரை இறக்கிவிட வேண்டும், பாதி வழியில் இல்லை. டோ/ஹால் போட்டிருந்தால் பிரேக்கைத் தொட்டதும் தானாகக் கியர் இறங்கும். வேகம் 5 மைல் ஏறும்வரை விட்டு, அழுத்தமாகப் பிடித்து 10 மைல் குறைத்து, காலை எடுத்துவிடுங்கள். மெதுவாகக் காலை வைத்துக்கொண்டே இறங்கினால் டிரம் சூடேறி, கடைசி மைலில் பிடிக்காது.

லாரி கடக்கும்போது ஆட்டம் தொடங்கினால்: ஸ்டீயரிங்கை நேராகப் பிடியுங்கள், எதிர்த்துத் திருப்பாதீர்கள். வேனின் பிரேக்கைத் தொடாதீர்கள். ஆக்சிலேட்டரை மெல்ல விடுங்கள். கன்ட்ரோலரின் கைப்பிடியை மட்டும் அழுத்துங்கள், டிரெய்லர் பின்னாலிருந்து வேனை இழுத்து நேராகிவிடும். கன்ட்ரோலரை எங்கே பொருத்துகிறீர்கள் என்பது இதனால்தான் முக்கியம். பார்க்காமலே கை போகும் இடமாக இருக்கட்டும். 6.0 வேனில் நடுவே எஞ்சின் மூடி புடைத்து நிற்கிறது, முழங்காலில் இடிக்காமல் ஸ்டீயரிங்குக்கு வலப்பக்கம் கீழே வைக்கலாம்.

#18 ரப்பர்

ஒன்று விட்டுப்போயிற்று. டிரெய்லர் சக்கர நட்டுகள். அரை அங்குல போல்ட்டுக்கு 90 முதல் 120 அடி-பவுண்டு, ஒன்றுவிட்டு ஒன்றாக நட்சத்திர வரிசையில். சக்கரத்தை ஒரு முறை கழற்றினால்கூட 10, 25, 50 மைலில் நிறுத்தி மறுபடி இறுக்க வேண்டும். பிரேக் சரிசெய்யத் தூக்குவீர்கள், டயர் மாற்றக் கழற்றுவீர்கள், ஆகவே உங்களுக்கு இது உண்டு. சார்லட்டிலிருந்து கிளம்பினால் 25-ஆவது மைல் மூர்ஸ்வில் பக்கம் வரும். அங்கே இறங்கி ஸ்பேனர் போடும்போதே நான்கு சக்கர மையத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிடச் சூடாக இருந்தால் பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக்.

#19 வடகோடி

கனடாப் பக்கம் வாற யோசனை இருந்தால்: 1,360 கிலோவும் அதற்கு மேலும் உள்ள ட்ரெயிலருக்கு ஒன்ராறியோவில் பிறேக் கட்டாயம், உங்களிட்ட இருக்குது. இங்கத்தைய சாதாரண ஜி உரிமத்தில் ட்ரெயிலர் 4,600 கிலோ வரை, இரண்டும் சேர்ந்து 11,000 கிலோ வரை இழுக்கலாம். உங்கட 8,100 பவுண்டு 3,675 கிலோதான். பிள்ளையள் அலுப்பில ட்ரெயிலருக்குள்ள படுத்துக்கொண்டு வரக் கேட்பினம், விடாதேங்கோ, இங்க அது சட்டப்படி பிழை.

#20 புதுக்கொக்கி

தொட்டி அச்சுக்குப் பின்னால்தான் இருக்கிறது, தவழ்ந்து பார்த்தேன். எனவே 10 காலன் மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவது. 1,200 கம்பியோடு உராய்வு சேர்ந்த ஹிட்சுக்குச் சொல்லிவிட்டேன். பிரேக் கம்பியில் 9.1 ஆம்பியர்தான் வருகிறது. நான்கையும் தனித்தனியாகச் சோதித்ததில் இடது பின் காந்தத்துக்கு மின்சாரமே போகவில்லை. அச்சுக் குழாய்க்குள் போகும் இடத்தில் கம்பி அறுந்திருக்கிறது.

#21 மின்வயர்

குழாய்க்குள் மறுபடி விடாதீர்கள். 12 கேஜ் கம்பியை அச்சின் வெளிப்பக்கம், குழாயின் பின்புறமாக, நெளிவுக் குழாய்க்குள் விட்டுக் கட்டுங்கள். இணைப்புகளில் வெப்பத்தால் சுருங்கும் உறை போடுங்கள், கிள்ளி மாட்டும் நீல நிறக் கிளிப் வேண்டாம், ஒரு குளிர்காலத்தில் துருவேறிவிடும். முடித்ததும் மறுபடி ஆம்பியர் பாருங்கள். 12-ஐ ஒட்டி வந்த பிறகு கெயினைப் புதிதாக வைக்க வேண்டும், மூன்று பிரேக்குக்கு வைத்த கெயின் நான்குக்கு அதிகம்.